முகம் பார்த்துக் கேட்டவர்

என் கணவருக்குக் காது மந்தம். பிறவியில் வந்ததல்ல. மீசை முளைக்காத வயதிலிருந்து பவர்லூம் தறிகளுக்கு நடுவில் நின்றவர். எங்கள் தெருவில் அவர் வயது ஆண்களில் பாதிப்பேர் அப்படித்தான். டீக்கடையில் அவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்வதை வெளியூர்க்காரர்கள் கேட்டால் அடிதடி என்று நினைப்பார்கள்.

கல்யாணமாகி அருப்புக்கோட்டைக்கு வந்த புதிதில் தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்க நானும் அவர் பக்கத்தில் நிற்பேன். தறி ஓடும்போது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. உதட்டையும் புருவத்தையும் வைத்துத்தான் பேச்சு. நூல் அறுந்துவிட்டது என்பதற்கு ஒரு முகம். சாப்பிட வாங்க என்பதற்கு ஒரு முகம். உங்க அம்மா வந்திருக்காக, எந்திரிச்சு வாங்க என்பதற்கு வேறொரு முகம். அந்தக் கடைசி முகத்தைப் பார்த்தால் அவர் சிரித்துவிடுவார். தறி நின்ற பிறகும் அந்தப் பழக்கம் வீட்டுக்குள் வந்துவிட்டது. அவருடைய காது மங்க மங்க, நான் வாயால் சொல்வதைவிட முகத்தால் சொல்வதைத்தான் அவர் கேட்டார்.

சொந்தத் தறிகளை விற்றுவிட்டு, பாளையம்பட்டியில் வேறொருவர் கொட்டகைக்கு அவர் தறி பார்க்கப் போன வருஷம்தான் முதல்முறையாகக் கேட்டார்.

"ஏன் மூஞ்சிய உர்ருனு வச்சிருக்க?"

"இல்லையே."

"இல்லைங்கற. மூஞ்சி அப்படித்தான இருக்கு?"

நான் போய் வாஷ்பேசினுக்கு மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தேன். சிரித்துப் பார்த்தேன். சிரித்தேன் என்று எனக்குத் தோன்றியது. கண்ணாடியில் இருந்தவள் ரேஷன் கார்டு போட்டோ மாதிரி நின்றாள். வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு சோறு வடிக்கப் போய்விட்டேன்.

தறிகளை விற்றதில் எனக்குக் கோபம் என்று அவர் முடிவு செய்துவிட்டார். எனக்கு அப்படி ஒன்றுமில்லை. சொல்லப்போனால் வீட்டில் சத்தம் ஓய்ந்ததில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிதான். ஆனால் அவர் நம்பவில்லை. ஒருநாள் சாத்தூர் சேவு ஒரு பொட்டலம் வாங்கி வந்து என் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். எனக்குச் சேவு என்றால் உயிர். எடுத்து வாயில் போட்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாருக்குங்க" என்றேன்.

அவர் எழுந்து கை கழுவப் போனார். அவர் கையில் கழுவ எதுவும் இல்லை. அதற்குப் பிறகு சேவு வாங்கி வருவதை நிறுத்திவிட்டார். வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வருகிறவர் டீக்கடையில் உட்கார ஆரம்பித்தார். ஒரே வீட்டில் இரண்டு பேர், நாள் முழுக்கப் பத்து வார்த்தைகூடப் பேசாமல் இருந்தோம்.

அதே சமயத்தில் என் குரலும் இறங்கிக்கொண்டிருந்தது. அது எனக்கே தெரியவில்லை. அவர் "என்ன? என்ன?" என்று கேட்கும்போதெல்லாம் அவர் காது இன்னும் மோசமாகிவிட்டது என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்தார். வேறு ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தால் அந்தாள் ஆறே மாதத்தில், 'உனக்கு ஏன் குரல் கம்முது?' என்று கேட்டிருப்பார். எங்கள் வீட்டில் எல்லாப் பழியும் அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

மற்றவையும் ஒவ்வொன்றாக வந்தன. அடுப்பில் பால் தீய்ந்து போய்க்கொண்டிருக்க, நான் அதே அடுப்புக்குப் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "அக்கா, தெருவே தீஞ்ச வாடை அடிக்குது, உள்ள ஆளு இருக்கீகளா?" என்று கத்தினாள். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. வலது கால் செருப்பு நடக்கும்போது தானாகக் கழன்று பின்னால் கிடக்கும். வலது தோள் பலகை மாதிரி இறுகிப் போனது. எலும்பு டாக்டர் ஊசி போட்டு, எண்ணெய் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். பாயெல்லாம் எண்ணெய் ஆனதுதான் மிச்சம்.

பொங்கலுக்குக் கோயம்புத்தூரிலிருந்து மகள் வந்திருந்தாள். கடைக்குப் போகும்போது எனக்குப் பின்னால் நடந்து வந்தவள் திடீரென்று நின்றாள்.

"அம்மா, ஒரு கைய வீசி நடக்குற. இன்னொரு கைய வீசவே மாட்டேங்கிற."

அன்றைக்கே மதுரையில் நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கினாள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும்தான் போனோம்.

டாக்டர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சேர்த்துப் பிரிக்கச் சொன்னார். நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார். ஒரு வரி எழுதச் சொன்னார். நான் எழுதிய எழுத்து போகப் போக எறும்பாகிப் போனது. கடைசியில் அவர் சும்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பார்க்கின்சன் நோய் என்று சொன்னார். கை நடுங்கினால்தானே அந்த நோய் என்று கேட்டேன். எல்லாருக்கும் நடுக்கம் வருவதில்லை, உங்களுக்கு இறுக்கம்தான் அதிகம், முகத்துத் தசையும் இறுகும், சிரிப்பு உள்ளே இருந்தாலும் வெளியே வராது என்றார். குணமாக்க முடியாது, மாத்திரையால் சமாளிக்கலாம் என்றும் சொன்னார். மாஸ்க்குக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னார். என் கணவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவருக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டார். "டாக்டரு என்ன சொன்னாரு?"

"பார்க்கின்சனாம்."

"பார்க்கிங்கா? நம்மகிட்ட ஏது வண்டி?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முகத்தில் இரண்டும் வந்திருக்காது. என்ஜின் இரைச்சலில் மறுபடி மறுபடி சொன்னேன். மருந்துக்கடை பில்லுக்குப் பின்னால் எழுதிக் காட்டினேன். அந்த எறும்பு எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் அவரால் படிக்க முடியவில்லை. கடைசியில் பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரி, விடு. மாத்திர குடுத்திருக்காருல்ல" என்றார். எனக்கு என்ன வந்திருக்கிறது என்று தெரியாமலே அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

மகள்தான் போனில் வீடியோ போட்டு, அவருக்குக் கேட்கும்படி கத்திக் கத்திச் சொன்னாள். அவருக்குத் தெரிந்த அதே நிமிஷம் தெருவுக்கே தெரிந்துவிட்டது. சாயங்காலம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். என் கையைப் பார்ப்பார்கள். கை நடுங்காமல் இருப்பதைக் கண்டதும் அவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும் போல. "பாக்க நல்லாத்தான இருக்கீக?" என்பார்கள்.

முகத்தைப் பற்றி மகள் சொன்னது அவருக்குக் கேட்டதா என்று எனக்குச் சந்தேகம். கேட்டிருக்கலாம். கேட்டாலும் பல வருஷப் பழக்கத்தை ஒரு போன் பேச்சு மாற்றிவிடுமா?

மாத்திரை போட்ட பிறகு வாழ்க்கை இரண்டாகப் பிரிந்துகொண்டது. மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் நான் பழைய ஆள். தலை வாரி, காய் நறுக்கி, குழாயில் தண்ணீர் வரும் நாளாக இருந்தால் நாலு குடம் பிடித்து உள்ளே வைத்துவிடுவேன். மாத்திரையின் வேகம் இறங்கும்போது விரல் நுனியிலிருந்து சிமெண்டு பூசிக்கொண்டு வருவது போலிருக்கும். ஜாக்கெட் கொக்கியைக்கூட மாட்ட முடியாது. பாலும் பருப்பும் மாத்திரையோடு சேரக்கூடாது என்றார்கள். அதனால் எப்போது சாப்பிடுவது, எப்போது மாத்திரை போடுவது என்று நாளெல்லாம் இதே யோசனை. யாராவது விருந்துக்குக் கூப்பிட்டால் எனக்கு முதலில் வருவது பயம்தான்.

வீட்டு நிலைப்படியில் கால் ஒட்டிக்கொள்ளும். மனசு வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போயிருக்கும், கால் வராது. ஆரம்பத்தில் அவர் என் கையைப் பிடித்து இழுத்தார். இழுத்தால் கால் நின்ற இடத்தில் நிற்க, உடம்பு மட்டும் முன்னால் போய்விடும். ஒருமுறை அப்படிக் குப்புற விழுந்து உதடு கிழிந்தது. பிறகு மதுரையில் பயிற்சி சொல்லிக் கொடுத்த பெண், இழுக்காதீர்கள், தாளம் போடுங்கள் என்றாள். அவருக்குத் தெரிந்த ஒரே தாளம் தறித் தாளம். கதவில் விரல் முட்டியால், டக்கு டடக்கு, டக்கு டடக்கு என்று தட்டினார். என் கால் எழுந்தது.

"ஓடிருச்சு பாத்தியா!" என்றார், ரிப்பேர் பார்த்த தறி ஓட ஆரம்பித்த மாதிரி.

சில நாள் அது பலிக்கும். பலிக்காத நாளில் அவர் இன்னும் ஓங்கித் தட்டுவார். ஓடாத தறியிடம் எரிச்சல்படுவது போல, "ஏன், என்ன இப்ப?" என்பார். எனக்கு என்ன தெரியும்? நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

திருச்சுழியில் அவருடைய தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. தாய்மாமன் வீடு, போகாமல் இருக்க முடியாது. பத்து மணிக்குத் தட்டு மாற்றுவதாகச் சொன்னார்கள். அதற்குத் தோதாக மாத்திரை போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். மாப்பிள்ளை வீட்டார் வேன் வழியில் நின்றுவிட்டது. அவர்கள் வந்து சேர்வதற்குள் மாத்திரை இறங்க ஆரம்பித்துவிட்டது. நாத்தனார் என்னை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தாள். எழுந்து ஓரமாகப் போய் அடுத்த மாத்திரையைப் போடலாம் என்றால் கால் எழவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் தண்ணீர் கேட்டேன். அவளுக்குக் கேட்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா குங்குமச் சிமிழோடு வந்து என் எதிரில் குனிந்தார். "நீங்கதான் மாமன் சம்சாரமா? பாப்பா ஒங்களப் பத்திச் சொல்லுச்சு" என்று சிரித்தார். நல்ல மனுஷி. நானும் சந்தோஷமாகத்தான் பதில் சொன்னேன். அவர் காதுக்கு எட்டவில்லை. என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். சிரிப்பை மடக்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

பந்தி முடிவதற்குள் நாத்தனார் வந்து என் பக்கத்தில் நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"ஏன் மதினி, சம்பந்தி அம்மா கேக்குறாக, ஒங்க மதினிக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கலையோன்னு. நான் என்ன சொல்ல? இன்னைக்கு ஒரு நாளாச்சும் கொஞ்சம் சிரிச்ச முகமா இருந்திருக்கக் கூடாதா?"

நோய் என்று அவளுக்குத் தெரியும். கை கால் சம்பந்தப்பட்ட நோய் என்றுதான் தெரியும். நான் விளக்கிச் சொல்ல வாயைத் திறப்பதற்குள், எங்கள் இரண்டு பேரையும் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு அவர் வந்தார். தங்கையின் அழுத முகத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். குனிந்து, மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, மண்டபத்துக்கே கேட்கும் குரலில் சொன்னார்:

"ஏய், கொஞ்சம் சிரிச்சுத்தான் தொலையேன்!"

பரிமாறிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்று திரும்பிப் பார்த்தார்கள். என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. முகம் அசையாமல் கண் மட்டும் அழுவதைப் பார்க்க எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லை. நாத்தனார் பயந்துபோய் முந்தானையால் என் கன்னத்தைத் துடைத்தாள்.

திரும்பி வரும்போது மத்தியான வெயில். பஸ்ஸில் கூட்டமில்லை. அவர் ஆண்கள் பக்கம் உட்கார்ந்தார், நான் பெண்கள் பக்கம். இரண்டு பக்கமும் கருவேலங்காடு ஓடியது. என் வாழ்நாளில் அவர்மேல் அவ்வளவு கோபம் வந்ததில்லை. அதைக் காட்டவும் என்னிடம் ஒன்றுமில்லை. முன்பெல்லாம் ஒரு முறைப்பு போதும், மூன்று நாள் தலை குனிந்தே சாப்பிடுவார்.

பாதி வழியில் அவரே எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கோவமா இருக்கியா?"

நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குத் தெரியலடி" என்றார். குரல் உயர்ந்துகொண்டே போனது. "முன்னல்லாம் ஓரக்கண்ணால பாத்தாலே தெரியும், பசிக்குதா, வலிக்குதா, எங்க ஆத்தாள வையுறியான்னு. இப்பச் செவுத்தப் பாத்த மாதிரி இருக்கு. நீ உள்ள இருக்கியா இல்லையானே தெரியல. நான் யாருகிட்டப் போயிக் கேக்க?"

கண்டக்டர் சட்டென்று முகத்தைத் திருப்பி டிக்கெட்டுக் கட்டைச் சரிசெய்தார்.

"இருக்கேன்" என்றேன்.

"என்ன?"

"இருக்கேன்."

"என்ன?"

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு காதுக்குள் வாயை வைத்து, "இருக்கேங்க" என்றேன். அவர் தலையாட்டினார். கேட்டுத் தலையாட்டினாரா, டாக்டரிடம் ஆட்டியது போல் ஆட்டினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் ஊர் வரும்வரை எழுந்து போகவில்லை.

மகள் எத்தனையோ தடவை கெஞ்சியும் காதுக்கு மெஷின் வைக்க மாட்டேன் என்றிருந்தவர், அடுத்த வாரம் யாரிடமும் சொல்லாமல் மதுரைக்குப் போய் ஒன்று மாட்டிக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் நுழையும்போதே திருவிழா பார்க்க வந்த ஆள் மாதிரி இருந்தார். குக்கர் விசில் அடித்ததும் துள்ளினார். "இந்த ஃபேனு இம்புட்டுச் சத்தமா போடும்?" என்றார். வெளியே காக்கா கத்தியதைக் காட்டி, "காக்கா!" என்றார். எனக்கும் உள்ளுக்குள் சிரிப்பாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"ஏதாச்சும் பேசு."

"சாப்பாடு எடுத்து வைக்கவா?"

காதில் இருந்ததைத் திருகினார். "பேசு."

"பேசிட்டேனே."

அதைக் கழற்றிப் பார்த்தார், ஊதினார், மறுபடி மாட்டினார். "இன்னொருக்காச் சொல்லு." சொன்னேன். அவர் என் உதட்டையே பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியதை நான் பார்த்தேன். அவர் முகத்தைப் படிக்க யாராலும் முடியும்.

"என் காதுதான்னு நெனச்சேன்" என்றார்.

மெஷின் வைத்தால் நான் பேசுவது கேட்டுவிடும், கேட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்று அவர் நம்பியிருந்திருக்கிறார். அன்றைக்கு எடுத்து வைத்த சோறு அப்படியே ஆறிக் கிடந்தது. நானும் சாப்பிடச் சொல்லவில்லை.

தங்கையை வரச்சொல்லி அவரே எல்லாவற்றையும் விளக்கினார். அவள் மதினி, மதினி என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சம்பந்தி அம்மாவிடமும் சொல்லிவிட்டாளாம். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அன்றைக்குக் காலையிலேயே உடம்பு இறுகிவிட்டது. போயிருந்தாலும் இரக்கப்பட்டுப் பார்த்திருப்பார்கள். அதற்கு முகம் கொடுக்க எனக்கு மனமில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது தினமும் காலையில் மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்ததும் குரலுக்கு ஒரு பயிற்சி. வாயை நன்றாகத் திறந்து, மூச்சு முடியும்வரை உரக்க 'ஆ' என்று கத்த வேண்டும். அவர் மெஷினோடு பின்வாசலில் துவைகல் பக்கம் நின்றுகொள்வார். கேட்டால் கையைத் தூக்குவார். பக்கத்து வீட்டில் ஆரம்பத்தில் நான் அடிவாங்குவதாக நினைத்து எட்டிப் பார்த்தார்கள். சில நாள் முதல் தடவையே கை உயரும். சில நாள் நான் கத்திக் கத்தித் தொண்டை வறண்டு உட்கார்ந்துவிடுவேன், அவர் காதைத் தீட்டிக்கொண்டு அங்கேயே நிற்பார். போன மாதம் மதுரையில் மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். இறுக்கம் குறைந்திருக்கிறது. ஆனால் இப்போது சில நேரம் உடம்பு தானாக வளைந்து நெளிகிறது. அதையும் நிறுத்த முடியவில்லை. அடுத்து எது வரும் என்று நான் டாக்டரிடம் கேட்பதில்லை.

முகத்தைப் பார்த்து இனி எதுவும் தெரியாது என்று ஆனதிலிருந்து அவர் வாய்விட்டே கேட்கிறார். "பசிக்கா?" "வலிக்கா?" "கோவமா?" எந்த வேலையில் இருந்தாலும் வந்து எதிரில் நின்று கேட்பார். முதலில் எனக்கு மனசு நிறைந்தது. போகப் போக எரிச்சலாக வந்தது. ஒரு மனுஷி தனக்குள்ளேயே கொஞ்சம் கோபமாக இருந்துவிட்டுப் போகக் கூடாதா? அதனால் பெரும்பாலும் "இல்ல" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்று ஜாக்கெட் கொக்கியோடு நான் போராடிக்கொண்டிருந்தபோது வந்தார்.

"கோவமா?"

"ஆமா."

எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. கொஞ்சம் பின்வாங்கி நின்றார். "எதுக்கு?"

"இப்படி எந்நேரமும் கேக்குறதுக்கு."

அவர் அதை யோசித்தார். கொக்கியை மாட்டிவிட்டார். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பால் வாங்கக் கிளம்பினார். தெருமுனைவரை போயிருப்பார், திரும்பி வந்து வாசலில் நின்றபடியே கேட்டார்.

"இப்ப?"